ஜெர்மன் வைத்தியன்மேல் ஒரு புகார்

புதூர்நாடு, ஜவ்வாது மலை
18-6-1958

பெரம்பூர் ரயில் பட்டறையில் இரும்பைத் தட்டித் தட்டி, இந்த தேசத்தின் சகல ரயில்களையும் தனியாளாக ஓட வைத்துக்கொண்டிருக்கும் என் மருமகப்பிள்ளை துரைக்கண்ணுவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும், நேற்று வரை இந்த மலைக்குத் தனிக்காட்டு ராஜாவுமாகிய கோபால்சாமி எழுதிக்கொண்டது. நீயும் உன் பெண்டாட்டி செந்தாமரையும் ஆளுக்கு நூற்றிருபது வருஷம் நன்றாக இருங்கள். நான் நன்றாக இல்லை. காரணம் நீ.

பங்குனி மாசம் நீ இங்கே வந்திருந்தபோது, உன் அத்தை சகுந்தலாவுக்கு முழங்கால் வலி என்று ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாய். உள்ளே பன்னிரண்டு சீசா. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேரென்று குட்டி மாத்திரைகள். கூடவே தமிழில் ஒரு சின்னப் புத்தகம். பன்னிரண்டு சீசாதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். பதின்மூன்றாவதாக ஒரு ஆள் அந்தப் பெட்டிக்குள் ஒளிந்து வந்ததை நீ சொல்லவில்லையே!

என் வீட்டில் இப்போது ஒரு ஜெர்மன்காரன் குடியிருக்கிறான். அவன் செத்து அறுபது வருஷம் ஆகிறது. அதனால் அவனை அடித்து விரட்டவும் வழியில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த அவன் படத்தை உன் அத்தை பக்குவமாகக் கத்தரித்து, ஜீப்பில் திருப்பத்தூருக்கு அனுப்பி, கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டிவிட்டாள். எந்த ஆணியில்? நான் ஸ்டூடியோக்காரனுடைய மரத்துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, எட்டுத் திசையும் நடுங்க நிற்கிறேனே, அந்தப் படம் இருந்த ஆணியில். என்னை ஆட்டுக்கல் மூலைக்கு மாற்றிவிட்டாள். மாவு அரைக்கிற நாளெல்லாம் என் மூஞ்சியில் தெறிக்கிறது.

அவனுடைய சரித்திரம் எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். நானாகப் படிக்கவில்லை. தினமும் காலையில் கேழ்வரகுக் கூழோடு ஒரு வாய் அவனையும் சேர்த்து ஊட்டுகிறாள். பேர் ஷூஸ்லராம். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்றில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தானாம். பல பாஷைகள் கற்றானாம். சமஸ்கிருதம் கூட! ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு அதை யாரோடு பேசுவதற்கு என்று கேட்டேன். கூழை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும், பள்ளிக்கூடப் பரீட்சை எழுதவில்லை, வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சர்க்கார் தடுத்ததாம். முப்பத்தைந்து வயசுக்கு மேல் போய் அந்தப் பரீட்சையை எழுதி ஜெயித்தானாம். இதைச் சொல்லும்போது உன் அத்தைக்குக் கண் கலங்குகிறது. நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், என் விடாமுயற்சிக்கு யார் கலங்கினார்கள்?

அப்புறம், நூற்றுக்கணக்கான மருந்து எதற்கு, மனுஷ உடம்பை எரித்தால் சாம்பலில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புதானே, அந்தப் பன்னிரண்டு உப்பே போதும் என்று சொல்லிவிட்டானாம். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம். இதில்தான் சூட்சுமம், மாப்பிள்ளை! சொந்தமாக ஒரு வீடு வாசல் என்று இருந்திருந்தால், இப்படி ஊரார் வீட்டுக் கூடத்தில் வந்து தொங்குவானா?

முழங்கால் வலி பத்தே நாளில் போயிற்று. அதோடு விட்டாளா? ரங்கன் பெண்டாட்டி தலைவலி என்றாள், ஒன்பதாம் நம்பர் கொடுத்தாள். கிழவர் சின்னதம்பி தூக்கம் இல்லை என்றார், ஆறாம் நம்பர். இப்போது முப்பத்திரண்டு ஊர்ச் சனமும் என் வாசலில். நாக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் உப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். ஆகவே இந்த மலையில் யாரும் வணக்கம் சொல்வதில்லை, நாக்கை நீட்டுகிறார்கள். ஜீப் ஓட்டுகிற ஃபரூக் வளைவில் ஹாரன் அடிப்பதற்குப் பதில் நாக்கை நீட்டுகிறான். நேற்று வேலியோரம் ஒரு வெள்ளாடு என்னைப் பார்த்து நீட்டியது. சத்தியம்.

என் முதலாளி நசருல்லா சாயபு வாணியம்பாடியிலிருந்து மலை ஏறி வந்தார். புளியை, கடுக்காயை நான் எப்படி எடை போட்டு அடுக்கியிருக்கிறேன் என்று பார்க்க வந்தார் என்று நினைத்து, தலைப்பாகையெல்லாம் கட்டி நின்றேன். "கோபால்சாமி, கொஞ்சம் தள்ளிக்கப்பா. அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய், ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். புளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு மருந்தின்மேல் கோபம் இல்லை. அவள் கேட்கிறாளே, அதுதான் வயிற்றை எரிக்கிறது. எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, இன்னா கனவு வருது, உப்பு பிடிக்குமா இனிப்பா, எப்போ அழுகை வருது? இப்படிக் கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வந்தவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காது எனக்கு மட்டும் பட்டா போட்ட நிலம். வாசலில் புளி எடை போடுகிற களத்தில் நான் அவிழ்த்துவிடும் கதைகளைக் கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிக்கிற சத்தம் அடுப்பங்கரையிலிருந்து வரும். அது வந்தால்தான் எனக்கு அடுத்த பொய் ஊறும். மூன்று வாரத்துக்கு முன், நான் கரடியை அறைந்த சம்பவத்தைத் தொடங்கினேன். கையை ஓங்கிவிட்டேன். "கொஞ்சம் இருங்க, ரங்கன் பொஞ்சாதி வந்திருக்கா" என்று எழுந்து போனாள். அந்தக் கரடி இன்னும் காட்டில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே இந்தப் பெட்டி பழசாகிவிட்டது, பட்டணத்தில் இப்போது யாரும் இதைத் தொடுவதில்லை என்று உன் அத்தைக்கு ஒரு வரி எழுது. தாய்மாமனுக்கு இதைக்கூடச் செய்யாதவன் எந்த ஜென்மத்திலும் உருப்பட மாட்டான். நீ உருப்படுவாய்.

சொந்த வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும்,
கோபால்சாமி

*

புதூர்நாடு
9-7-1958

துரோகியும், ஆனாலும் என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தப்பட்டவனுமாகிய துரைக்கண்ணுவுக்கு, ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்தேன். அத்தைக்கு எழுதச் சொன்னதை எழுதாமல், எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். "மாமா, அத்தை கேக்கணும்னா நீங்களும் நோயாளியா போய் உக்காருங்க" என்று. சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், எழுத்தெல்லாம் குலுங்குகிறது. இருந்தாலும் யோசனை நல்ல யோசனை. அன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். நான் போட்ட சத்தத்தில் சாமைக் கொல்லையில் இருந்த கிளிகள் எல்லாம் ஆந்திராவுக்குப் போய்விட்டன.

உன் அத்தை வந்து உட்கார்ந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். என் நாக்கை இப்படி யாரும் பார்த்ததில்லை, மாப்பிள்ளை. வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். எப்போது வலிக்கிறது? சாப்பிட்ட பிறகா, முன்னாலா? யார்மேலாவது கோபமா? ஆகா, அந்தக் கால் மணி நேரம்! இந்திர பதவி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கடைசியில் இன்னா கனவு வருது என்றாள். நான் தயாராக வைத்திருந்தேன். ஏழு யானை, ஏழுக்கும் தங்கத் தந்தம், ஏழும் வரிசையாக வந்து எனக்கு மாலை போடுகிறது என்றேன். என்னையே பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். "பொய் சொல்றவங்களுக்கு இதுல மருந்து இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த சின்னதம்பியைக் கூப்பிட்டாள்.

அவமானத்தில் கூனிக் குறுகி, கடுகளவு ஆகி, களத்தில் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தேன். முள் அசையவில்லை.

இனி நான் சொல்லப்போவதை நீ படித்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும். செந்தாமரைக்குக் கூடச் சொல்லக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை உன் அத்தை திருப்பத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போனாள். பெட்டியும் நானும் தனியாக இருந்தோம். சுவரில் அவன். நான் போய் முறத்தை எடுத்து வந்தேன். ஒன்றாம் நம்பர் சீசாவைத் திறந்து முறத்தில் கொட்டினேன். இரண்டு, மூன்று, நாலு என்று பன்னிரண்டையும் கொட்டினேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அரிசி கலக்குகிற மாதிரி நன்றாகக் கலந்தேன். பிறகு பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோல் சரிசமமாகப் பன்னிரண்டு பாகம் போட்டு மறுபடி சீசாக்களில் நிரப்பி, மூடி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். இப்போது ஒன்பதாம் நம்பரில் ஒன்பது இல்லை, ஆறாம் நம்பரில் ஆறு இல்லை. எதை எடுத்தாலும் கதம்பம்தான்.

இரண்டு மகா யுத்தத்தில், எத்தனையோ ராஜ்யங்கள் கூடி, கப்பலும் விமானமும் வைத்துக்கொண்டு செய்ததை, நான் ஒற்றை முறத்தால் செய்துவிட்டேன். ஜெர்மனி விழுந்தது. இன்னும் பத்து நாள் பொறு. தலைவலிக்காரிக்குத் தலைவலி திரும்பும். தூங்கின கிழவர் எழுந்து உட்காருவார். "இன்னாமா உங்க மருந்து கேக்கலியே" என்று ஊர் முணுமுணுக்கும். உன் அத்தை பெட்டியை மூடிவிட்டு, "அந்தக் கரடி அப்புறம் இன்னா பண்ணிச்சி?" என்று என்னிடம் வருவாள்.

வெற்றி முரசு கொட்டக் கையை ஓங்கியிருக்கும்,
உன் மாமன்

*

(போஸ்ட் கார்டு)
புதூர்நாடு
4-8-1958

துரைக்கண்ணுவுக்கு ஆசி. கார்டு என்பதால் ஊரே படித்துவிட்டுத்தான் உனக்கு வரும். ஆகவே மறைவாக எழுதுகிறேன், புரிந்துகொள்.

நான் செய்த "சமையல்" பலிக்கவில்லை. ஒரு மாசமாகிவிட்டது. தலைவலி திரும்பவில்லை. கிழவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். புதிதாக ஒன்பது ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். சாயபு தம் மச்சினியை அனுப்பினார், அவளும் குணமாகி ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினாள். நன்றாகவே இருந்தது, அதுதான் வேதனை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன்தான் சீசாவில் இல்லையே! பிறகு யார் குணப்படுத்துகிறார்கள்? நேற்று வேலை இல்லாததுபோல் கதவோரம் நின்று பார்த்தேன். சின்னதம்பி, போன வருஷம் செத்துப்போன தன் உழவு மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பலாமர நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் வரை சொன்னார். உன் அத்தை கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே கிழவர் முகம் தெளிந்துவிட்டது.

முன்னே எனக்குச் செத்தவன்மேல் பொறாமை. இப்போது யார்மேல் படுவது என்றே தெரியவில்லை.

கோ.சாமி

*

புதூர்நாடு
27-8-1958

அன்புள்ள மருமகன் துரைக்கண்ணுவுக்கு, மாமன் எழுதுவது. செந்தாமரைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம்.

இது கொஞ்சம் நீளமான கடிதம். முழுக்கப் படி. ஒரு பொய்தான் இருக்கிறது, அதுவும் நான் சொன்னேன் என்று ஒத்துக்கொள்கிற பொய்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு மலை தள்ளியிருக்கிற ஊரிலிருந்து கண்ணாயிரம் தன் மகள் திரௌபதியைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேரோடு தூக்கிக்கொண்டு வந்தான். அந்தப் பெண் ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறாள். மூன்று நாளாகக் குளிர் காய்ச்சல். வருகிற வழியில் சாயபுவின் ஜீப் என் களத்தில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தும், அதைத் தாண்டி நேராக உன் அத்தையிடம் வந்தான். "அம்மா கை பட்டா போதுங்க" என்றான்.

உன் அத்தை காய்ச்சலுக்கு உள்ள நாலாம் நம்பரை எடுத்தாள். கால் மணிக்கு ஒரு மாத்திரை. ஒன்று போட்டாள், இரண்டு, மூன்று. கூடி நின்றவர்கள் யாருக்கும் கவலை இல்லை. நான் களத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. கண் திறந்திருக்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ முணுமுணுக்கிறாள். உன் அத்தை நாலாவது மாத்திரையை எடுத்தாள். அந்தச் சீசாவில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே!

உடனே ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டு போகலாம் என்று கத்தினேன். ரங்கன் சிரித்தான். "இன்னா ஐயா, இதும் அந்தக் கரடி மாதிரியா?" என்றான். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நான் இப்படிக் காய்ச்சல் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றேன். "எத்தினி ஐயா, ஏழாயிரமா?" என்றான் இன்னொருத்தன். உன் அத்தை தலையைத் திருப்பாமலே சொன்னாள். "சும்மா இருங்க. இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம். நாலாம் நம்பரு இதுவரிக்கும் யாரையும் கைவிட்டதில்ல."

இருபத்திரண்டு வருஷம் நான் வாரி இறைத்த பொய்யெல்லாம் அன்றைக்கு ஒன்று சேர்ந்து என் வாயை அடைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது நாலாம் நம்பர் இல்லை, நான் முறத்தில் போட்டுக் கலந்துவிட்டேன் என்று. அத்தனை சனத்துக்கு முன்னால், அவள் கையில் மாத்திரை இருக்கும்போது.  அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. சொன்னாலும் என்னை நம்புவார்களா? இந்த மலையில் நம்புகிற பேச்சு ஒருத்தனுடையதுதான்.

அவன் படத்துக்குக் கீழே இருந்த புத்தகத்தை எடுத்தேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். கலெக்டர் உத்தரவு வாசிக்கிற மாதிரி குரலை உயர்த்திப் படித்தேன். "கர்ப்பிணிக்கு மூன்று நாள் காய்ச்சல் விடாமல் அடித்தால், ஷூஸ்லராகிய நான் சொல்லுவது என்னவென்றால், என் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும். இதில் தாமதிக்கிறவர்கள் என் பேரைச் சொல்லவே வேண்டாம்."

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் கிடையாது. உன் அத்தைக்கு அந்தப் புத்தகம் அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எத்தனையோ பொய்க்கு அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. மாத்திரையைச் சீசாவில் திரும்பப் போட்டாள். "ஆமா. டாக்டரு அப்படித்தான் சொல்லியிருக்காரு. ஃபரூக்கு, வண்டிய எடுப்பா" என்றாள்.

அவ்வளவுதான். சிரித்தவர்களே மூட்டைகளை உருட்டித் தள்ளினார்கள். ஃபரூக், "மாமு, பிரேக் கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்குது, கெட்டியா புடிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதையில் ஓட்டினான் பார், என் கதைகளில்கூட யாரும் அப்படி ஓட்டியதில்லை. திரௌபதியின் தலை உன் அத்தை மடியில். நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலை இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கே புதிது.

மலைக்காய்ச்சல் மூளையைத் தொட இருந்தது, இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள். நாலாம் நாள் கஞ்சி கேட்டாள். குழந்தைக்கும் ஆபத்து இல்லை. நல்ல வேளையாகக் கொண்டுவந்தீர்கள், யார் சொன்னது என்று டாக்டர் விசாரித்தார். கண்ணாயிரம் கையைக் கட்டிக்கொண்டு, "ஜெர்மன் டாக்டருதாங்க சொன்னாரு" என்றான். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். "எங்க கோபால்சாமி ஐயா வூட்லதாங்க, செவுத்துல" என்றான். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பார்த்தாயா மாப்பிள்ளை, நான் சொன்ன பொய்க்குக் கிடைக்க வேண்டிய மாலைகூட அவன் கழுத்துக்குத்தான் போயிற்று.

திரும்பி மலை ஏறும்போது ஜீப்பில் உன் அத்தையும் நானும் மட்டும் பின்னால். "அந்த வரி எந்தப் பக்கத்துல இருக்குது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளைகாப்பு, முறம், பன்னிரண்டு பங்கு, எல்லாம். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டவில்லை.  கடைசி வளைவில்தான் பேசினாள். "கலக்காத மருந்தா இருந்தாலும் அன்னிக்கி அந்தக் காய்ச்சலுக்குக் கேட்டிருக்காது. அத நாந்தான் சொல்லியிருக்கணும். நா ஒக்காந்து மாத்திரை எண்ணினு இருந்தேன்." கொஞ்சம் கழித்து, "அப்போ, இந்த ஒண்ணரை மாசமா நல்லானவங்க எல்லாம் எதுனால நல்லானாங்க?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா தெரியாது. எனக்குப் பதில் தெரியும். கதவோரம் நின்று பார்த்தவன் நான்தானே. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொய் என்றால் ஆயிரம் விதமாகச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் துணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஜெர்மன்காரனைக் கழற்றிவிட்டு என்னை அந்த ஆணியில் மாட்டினாள். என் மூஞ்சியில் இருந்த மாவைத் துடைத்துத்தான் மாட்டினாள்.

நான் ஜெயித்துவிட்டேன், துரைக்கண்ணு. பிறந்தது முதல் இப்படி ஒரு வெற்றி பெற்றதில்லை. வருகிறவர்களிடம் மருந்து தீர்ந்துபோச்சு என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுகிறாள். அவர்களும் களத்தில் என்னிடம் வந்து கதை சொல்லச் சொல்கிறார்கள். சின்னதம்பி மூன்று நாள் வந்தார். "மருந்து வேணாம்மா, நா சும்மா பேசிட்டுப் போறேன்" என்றார். வேலை இருக்குது, இன்னொரு நாள் வாங்க என்று அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரியும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அது ஏற்கனவே பொறுக்கின அரிசி.

முந்தாநாள் ஒரு பொய் சொன்னேன். நல்ல பொய். முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை. பாதியில் எழுந்து போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சரி, அவள் மற்றவர்களுக்குச் செய்ததை நாமே அவளுக்குச் செய்வோம் என்று நேற்று எதிரில் போய் உட்கார்ந்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், எனக்கு இடது பக்கம் படுத்தால்தான் வரும், ஒரு தடவை வலது பக்கம் படுத்து ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை என்று நானே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அந்த வித்தை வராது. சும்மா இருந்து கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுதான் தெரிந்தது. அதை அவள் முப்பத்திரண்டு ஊருக்கும் செய்திருக்கிறாள்.

காய்ச்சல் என்று யார் வந்தாலும், எந்த மூட்டை ஏறியிருந்தாலும் இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொள்வது என்று சாயபுவிடமும் ஃபரூக்கிடமும் பேசி முடித்துவிட்டேன். ஒரு பயமும் வேண்டாம், அந்தப் பொறுப்பு என்னுடையது என்று உன் அத்தையிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். பெட்டி இறங்கவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் போன கடிதத்தில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறாய். மையால் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைத்தாயா? வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். செந்தாமரை, சித்திரையில் அந்தக் குறைப்பிரசவத்துக்கு அப்புறம் யாரோடும் பேசுவதில்லை, தூங்குவதும் இல்லை, பட்டணத்து டாக்டர் உடம்பில் ஒன்றும் இல்லை என்று டானிக் எழுதிக் கொடுக்கிறார் என்று இருக்கிறது. நான் இரண்டு மாசமாகக் கரடி, யானை, ஜெர்மனி என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீயும் சிரித்துப் பதில் போட்டாய். நீ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய், நான் ஒரு வரி கேட்கவில்லை.

அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா. லீவு கொடுக்க மாட்டேன் என்றால், நீ இல்லாமல் இந்தியாவின் ரயிலெல்லாம் ஒரு வாரம் நிற்கட்டும், பரவாயில்லை. திருப்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஃபரூக் வருவான். பிரேக்கைச் சரி பார்க்கச் சொல்லிவிட்டேன். இங்கே வந்ததும் நீ ஒன்றும் விளக்க வேண்டாம். அவளை உன் அத்தை எதிரில் உட்காரவைத்துவிட்டு நீ களத்துக்கு வந்துவிடு. மருந்து இருக்கிறதா, இல்லையா, எந்த நம்பர் என்று யாரும் பேச வேண்டாம். அந்தப் பெண் நாலு நாள் வாயைத் திறக்காவிட்டாலும் உன் அத்தை எழுந்திருக்க மாட்டாள். எனக்குத் தெரியும், அவளை.

அவர்கள் இருவரும் உள்ளே நாள் கணக்காகப் பேசிக்கொண்டிருக்கட்டும். கூழ் ஆறட்டும். நான் கூப்பிட்டால் "கொஞ்சம் இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரட்டும். நான் வெளியே தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிந்து சாகிறேன். எனக்கு மறுபடி பொறாமைப்பட ஒரு வழி செய்து கொடு, அப்பா. உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் எல்லாம் பெற்று நிறைவாக வாழ வேண்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
மாமன்,
கோபால்சாமி